கணக்குப் பார்க்காத கிருபை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை உள்ள இந்த மண்ணுக்குக் கிருபையைப் பற்றிய பேச்சு புதிதில்லை. கடலூரை ஒட்டிய திருவகீந்திரபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வேதாந்த தேசிகர், இறைவனின் கருணை பெற மனிதன் தரப்பில் ஒரு சிறு பற்றாவது வேண்டும் என்றார். பிள்ளை லோகாசாரியரின் வழியில் வந்தவர்கள் அதையும் ஒரு தகுதியாக ஏற்கவில்லை. தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் தானே கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்ற அந்த வழக்கு வைணவர்களிடையே இன்றும் தீரவில்லை. சிதம்பரத்தில் உமாபதி சிவம் திருவருளையே பொருளாகக் கொண்டு நூறு குறட்பாக்களில் திருவருட்பயன் செய்தார். விறகு கொண்டுவந்து போட்ட பெற்றான் சாம்பான் என்ற எளியவருக்கு அவர் தீட்சை கொடுத்த கதையைச் சைவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

தெற்கே தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கியபோது, இந்தப் பழைய பேச்சில் இன்னொரு குரல் சேர்ந்தது. மனிதன் தன் நற்செயல்களால் கடவுளுக்கு முன் நீதிமான் ஆவதில்லை, கிறிஸ்துவினிமித்தம் இலவசமாய்க் கிடைக்கும் கிருபையால் ஆகிறான் என்ற லூத்தரின் போதனையை அவர்கள் கொண்டுவந்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. கடலூரில் பிறந்த ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்திய மண்ணில் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் இந்தியக் குரு அவர்தான்.

இத்தனை தலைமுறைகளுக்குப் பிறகும் நம்மில் பலர் கிருபையை வாயால் சொல்லிவிட்டு மனதுக்குள் பேரேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். இத்தனை உபவாசம், இத்தனை காணிக்கை, இத்தனை ஜெபக்கூட்டம் என்று வரவு வைக்கிறோம். வரவு குறைந்த மாதம் கடவுளைப் பார்க்கவே பயப்படுகிறோம். கிருபையை முதலில் வைக்க வேண்டும், நற்கிரியை அதன் பின்னால் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் விசுவாசமே கூலி வேலையாகிவிடும். புவனகிரியிலும் சுற்றுப்பக்கத்திலும் உள்ள சபை மக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் 8, 9, 10 ஆகிய மூன்று வசனங்களையும் சேர்த்தே படியுங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வசனங்கள் மனப்பாடம். இரட்சிப்பு ஈவாகக் கிடைத்தது, யாரும் பெருமை பாராட்ட இடமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பத்தாம் வசனமோ, நற்கிரியைகளில் நடப்பதற்காகவே நாம் உருவாக்கப்பட்டோம் என்கிறது. பவுல் நற்செயலைத் தூக்கி எறியவில்லை. அதை வாசற்படியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்தார். யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தையும் அதே நாளில் படித்துவிடுங்கள். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று அவர் கண்டிப்பது, விசுவாசம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு பசித்தவனை வெறுங்கையோடு அனுப்புகிறவனை. கடவுளின் அன்பை விலைகொடுத்து வாங்கப் பார்ப்பவனைத்தான் பவுல் கண்டிக்கிறார். இருவரும் வெவ்வேறு ஆளிடம் பேசுகிறார்கள்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமையை ஒரு நடவு ஆளாக இருந்து படியுங்கள். வீராணம் ஏரித் தண்ணீர் திறந்துவிட்டதும் இந்தப் பக்கத்து வயல்களில் நடவு தொடங்கிவிடும். விடியற்காலையில் சேற்றில் இறங்கிய பெண்ணுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்து நான்கு முடி நாற்று நட்டவளுக்கும் ஒரே கூலி கொடுத்தால் வரப்பில் சண்டை வரும். வருவது நியாயமும்கூட. உழைப்புக்கு ஏற்ற கூலி கொடுக்கத்தான் வேண்டும், அதைக் குறைக்க இந்த உவமையை யாரும் எடுத்துக்காட்டக் கூடாது. ஆனால் இயேசு சொல்லும் எஜமான், நாள் முழுக்க யாரும் கூப்பிடாமல் சந்தை வெளியில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறான். வயதானவர், கையில் பலமில்லாதவர், கைக்குழந்தையோடு வந்தவள் என்று வேலைக்கு யாருமே எடுக்காத ஆட்கள் அங்கே நின்றிருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் இரவு உலை கொதிக்க வேண்டும். காலையில் வந்தவருக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை. கடைசியில் வந்தவருக்குக் கிடைத்ததுதான் அவரை எரிச்சல்படுத்தியது. சபையில் பிறந்து வளர்ந்த நாம், நேற்று வந்து ஞானஸ்நானம் எடுத்தவர் மூப்பர் ஆகிவிட்டால் முகம் சுளிக்கிறோமா என்று இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் நேற்றைய குறைகளை அடுக்குவதற்கு முன் நன்றி சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்பது அதற்குப் பிறகு வரட்டும். ஊதாரி மகன் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சை அவன் அப்பா முழுவதும் கேட்கவில்லை. அதற்குள் நல்ல வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

சாதியைக் கிருபையின் முன் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். இது வெறும் சமூகச் சீர்திருத்தம், சுவிசேஷத்துக்கு வெளியே உள்ளது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒருவனுடைய நற்செயலே அவனைக் கடவுளிடம் உயர்த்தாது என்றால், அவன் எதையுமே செய்யாமல் பெற்ற பிறப்பு எப்படி உயர்த்தும்? இந்தக் கேள்வி நம் மாவட்டத்தில் ஒரு சபையையே பிறக்க வைத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன், சாதியை ஒரு சமூக வழக்கம் என்று கருதிச் சபைக்குள் பொறுத்துக்கொண்டது. அந்த மிஷனிலிருந்த கார்ல் ஓக்ஸ் அதை ஏற்க முடியாமல் பிரிந்தார். 1860-களின் தொடக்கத்தில் கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கினார். டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு கைகோத்தது. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லூத்தரன் திருச்சபை. அதற்கு முன்பே 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கிருபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. இன்றைக்கும் பெண் பார்க்கும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும், சபைத் தேர்தலில் ஓட்டுப் போடும்போதும் அந்தப் பழைய தேர்வு நம் முன்னால் வந்து நிற்கிறது. தெருவில் தலித் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே தயங்குகிறவர், திருவிருந்தில் அந்தப் பிள்ளையோடு ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுவதில் பொருளில்லை. சாதியைக் கேள்வி கேட்காத சபை கிருபையைப் பற்றி எத்தனை கன்வென்ஷன் நடத்தினாலும் கேட்கிறவர் நம்பமாட்டார்.

நன்மை செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். பாவமன்னிப்புக்கு விலையாக அதைச் செய்யத் தேவையில்லை என்பதாலேயே, எந்தப் பயமும் இல்லாமல் அடுத்தவரின் தேவையை மட்டும் பார்த்துச் செய்யலாம். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவரிடம் யார் எவர் என்று கேட்காமல் அங்கே சோறு போடுகிறார்கள். கிருபையைப் பேசும் நம் சபை வாசலிலும் அப்படி ஒரு பந்தி நடக்க வேண்டும் என்பது என் ஆசை. கொடுத்ததைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டாம். மத்தேயு 6-ஆம் அதிகாரம் இதில் தெளிவாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சைவரும் வைணவரும் அருளைப் பற்றிச் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். 'அவர்களுக்குப் புண்ணியக் கணக்கு மட்டும்தான் தெரியும், கிருபை நமக்கு மட்டும்தான் தெரியும்' என்று மேடையில் பேசுவது உண்மைக்கு மாறானது. ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியப் பக்தி மரபின் கருணைக் கோட்பாட்டையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930-இல் ஒரு நூலே எழுதினார். ஒற்றுமையையும் சொன்னார், வேற்றுமையையும் மறைக்கவில்லை. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்ட ஜி.யு. போப் ஒரு கிறிஸ்தவக் குரு. சிலுவையை நம்புகிறவர் தன் நம்பிக்கையைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்தவர் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லித்தான் அதைச் சொல்ல முடியும் என்ற நிலை வரக் கூடாது.

செய்யக்கூடாதவை

விசுவாசத்தையே ஒரு வேலையாக மாற்றாதீர்கள். புண்ணியம் சேர்ப்பதை மறுக்கும் நாம்தான் இந்தக் குழியில் அதிகமாக விழுகிறோம். படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் போய், விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் வரவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வலியோடு கிடப்பவர் மேல் குற்றச்சாட்டையும் ஏற்றிவிடுகிறார்கள். அவர் இரவெல்லாம் தூங்காமல், தன் மனதில் எங்கே சந்தேகம் வந்தது என்று தேடிக்கொண்டிருப்பார். விசுவாசம் என்பது கொடுப்பதைப் பெற்றுக்கொள்ள நீட்டும் வெறுங்கை. அதன் பலத்தை அளந்து மதிப்பெண் போட்டால், லூத்தர் 1517-இல் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்துக்கும் நமக்கும் அதிக தூரம் இல்லை. அவர்கள் பணத்தை எண்ணினார்கள், நாம் நம்பிக்கையை எண்ணுகிறோம். நோயாளியின் வீட்டுக்குப் போனால் பக்கத்தில் உட்காருங்கள், ஜெபம் செய்யுங்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு முடிந்ததைக் கொடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் காவி உடுத்தி, மாதா படம் வைத்த சிறு தேரோடு கடலூர் வழியாகவும் சிதம்பரம் வழியாகவும் ஆயிரக்கணக்கானவர் நடந்து போவதைப் பார்க்கிறோம். கால் கொப்பளித்து வீங்கியிருக்கும். கிரியையால் இரட்சிப்பு தேடுகிறார்கள் என்று அவர்களைப் பார்த்துச் சொல்வது சுலபம். அவர்களில் எத்தனையோ பேர் நன்றி சொல்லத்தான் போகிறார்கள், பிள்ளை பிழைத்ததற்கு, வேலை கிடைத்ததற்கு. அவர்கள் மனதை நாம் பார்த்ததில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இரு தரப்பும் சேர்ந்தே அறிவித்திருக்கின்றன. மெதடிஸ்டுகள் 2006-இல் அதை ஏற்றார்கள். கருத்து வேற்றுமைகள் இன்னும் உண்டு. ஆனால் கத்தோலிக்கர் கிரியையை மட்டும் நம்புகிறவர்கள் என்ற பிரசங்கத்தை இனியும் செய்வது பொய்ச்சாட்சி. நடந்து வருகிறவருக்கு ஒரு செம்பு மோர் கொடுங்கள்.

நேர்ச்சையை நிறைவேற்ற முடியாமல் போனவரைப் பயமுறுத்தாதீர்கள். மழை பொய்த்தது, கடன் ஏறிவிட்டது, சொன்ன காணிக்கையைக் கொடுக்க முடியவில்லை என்று தவிப்பவரிடம், சாபம் வரும் என்று சொல்வது கொடுமை. கந்து வட்டிக்கு வாங்கித் தசமபாகம் போட வேண்டாம். அப்படிப் போடச் சொல்கிற பாஸ்டரின் பேச்சைக் கேட்கவும் வேண்டாம்.

கிருபையைப் போர்வையாக்காதீர்கள். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீகன்பால்கும் அவரோடு இருந்தவர்களும் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி, 1712 முதல் 1714 வரை பதில் கடிதங்கள் வாங்கி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். அவற்றில் தமிழர்கள் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் நடத்தையைத் தயங்காமல் குறை சொன்னார்கள். உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கட்டும், உங்கள் ஆட்கள் வாழ்வது அப்படி இல்லையே என்பதே அதன் சாரம். முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அதே குறையை நம்மேல் சொல்ல இடம் வைத்திருக்கிறோம். மன்னிக்கிற தேவன் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு சபைச் சொத்தில் கைவைக்கிறவர், பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு என்று வாயடைக்கிற மூப்பர், கோர்ட்டு வாசலில் பத்து வருடம் நிற்கும் இரண்டு தரப்பு என்று பட்டியல் நீளும். லூக்கா 19-இல் சகேயுவைப் பாருங்கள். அவன் வீட்டுக்கு வருவதாக இயேசு சொன்னபோது அவன் இன்னும் ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கிருபை முதலில் வந்தது. வந்த பிறகு அவன் ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். கிருபை பெற்றேன் என்று சொல்கிறவர் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் அவர் சகேயுவின் கதையில் பாதியைத்தான் வைத்திருக்கிறார். அநியாயம் செய்யப்பட்டவர் மன்னிப்பதற்கு நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அவரை அவசரப்படுத்தும் உரிமை அநியாயம் செய்தவருக்கு இல்லை. போலீசில் புகார் கொடுக்க வேண்டிய குற்றத்தைச் சபைக்குள் பேசி முடிக்கவும் கூடாது.

பேரிடரைப் பாவத்தின் சம்பளம் என்று சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை நம் கடற்கரைக் கிராமங்களில் கடல் ஏறி வந்தது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களும் நிறையப் பேர் இறந்தார்கள். அப்போதும் சிலர் இது கோபத்தின் அடையாளம் என்று பிரசங்கித்தார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரையும் பண்ருட்டியின் முந்திரி, பலா மரங்களையும் சாய்த்தபோதும் அதே பேச்சு எழுந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசுவே எடுத்துப் பேசினார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13-இல் இருக்கிறது. பிழைத்தவர் தன் நீதியால் பிழைக்கவில்லை, இறந்தவர் தன் பாவத்தால் இறக்கவில்லை.

உதவிக்கு விலை வைக்காதீர்கள். அரிசி மூட்டை கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரச் சொல்வது, இலவசமாய்ப் பெற்றதை விற்பது.

பிள்ளைகளிடம் 'பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லி வளர்க்காதீர்கள். ஜெபம் செய்யாததால் கணக்கில் மார்க் குறைந்தது என்றும் சொல்ல வேண்டாம். பத்து வயதில் மனதில் பதிந்த அந்தச் சாமியை ஐம்பது வயதுவரை பிரசங்கம் கேட்டும் மாற்ற முடியாமல் தவிப்பவர்களை நான் அறிவேன். தப்புச் செய்த பிள்ளையிடம் தப்பு என்று சொல்லுங்கள், தண்டிக்க வேண்டியிருந்தால் அளவோடு தண்டியுங்கள். அன்றிரவு பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு ஊட்டுங்கள். கிருபை என்னவென்று ஞாயிறு பள்ளி ஆசிரியரைவிட அந்தச் சோறு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

சாகக் கிடப்பவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்குச் செய்து காட்ட ஒரு நற்செயலுக்கும் நேரமில்லை, ஞானஸ்நானத்துக்கும் நேரமில்லை. ஒரு வேண்டுதல் மட்டும் இருந்தது, அது போதும் என்றார் கர்த்தர்.

'அவர் முதலில் திருந்தட்டும், பிறகு சபைக்கு வரட்டும்' என்று காத்திருக்காதீர்கள். குடியை விட்டுவிட்டு மறுபடி டாஸ்மாக் வாசலில் நின்றவர், வேறு சாதியில் கல்யாணம் செய்ததற்காகச் சொந்தக்காரர் ஒதுக்கிய பெண், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் முகம் காட்டக் கூசுகிறவர் என்று எல்லாச் சபையிலும் வராமல் நின்றுபோன ஒருவர் இருப்பார். உங்கள் சபையில் அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போகலாம் என்று மட்டும் கூப்பிடுங்கள்.